கேபிளைப் புடுங்குனது யாரு?

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு இந்த ஓரம் போதும். மேலே பார்த்து, மணிக்கயிறு உங்க தலையை உரசிட்டுத் தொங்குது. கண்டக்டர் இழுக்கறப்பவெல்லாம் டிங்குன்னு அடிக்கும், கண்டுக்காதீங்க. எங்க, தாராபுரமுங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான்.

உதட்டைப் பார்க்கறீங்களாட்ட இருக்குது. தையலுங்க. எங்க மச்சான் செஞ்ச சீரு. கல்யாணத்துக்குப் பீரோ, கட்டில்னு செஞ்சாரு, பத்தலைன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல வெச்சு இதையும் செஞ்சுட்டாரு. நான் திருப்பி அடிக்கலைங்க. அடிச்சிருந்தா அவரு எந்திரிச்சிருக்க மாட்டாரு. அது அவருக்கும் தெரியும்.

உங்க லேப்டாப் மூடியில பெங்குவின் ஸ்டிக்கர் இருக்குது பாருங்க, அதைப் பார்த்துத்தான் முன்னாடி சீட்டையெல்லாம் உட்டுப்போட்டு இங்க வந்து உக்காந்தேன். லினக்ஸ்தானுங்களே? அப்ப நீங்க நம்ம ஆளு. உங்ககிட்ட ஒரு ஞாயம் கேக்கணுமுங்க. ஊரே என்னைத்தான் குத்தம் சொல்லுது. சொல்றவங்க ஒருத்தருக்காவது கம்ப்யூட்டர் தெரியுமா? ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தரு முழுசாக் கேட்டுட்டு, தப்பு எங்கன்னு சொன்னாப் போதும்.

எம்பேரு பூபதிராஜா. சரவணம்பட்டிப் பக்கம் குடியிருக்கறேன். எம் பொண்டாட்டி கோகிலவாணி. அவ இப்பத் தாராபுரத்துல அவங்க அண்ணன் ஊட்ல இருக்கறா. இன்னிக்குப் போயிக் கூட்டிட்டு வந்தரணும், அவ்வளவுதான் எனக்கு. வேற ஒரு ஆசையும் இல்லீங்க. அவ இல்லாத ஊட்ல சோறு எறங்க மாட்டேங்குது.

இருங்க ஒரு நிமிசம். ஏனுங்கண்ணா! முன்னாடி சீட்டு அண்ணா, உங்களைத்தானுங்க! அந்த ஃபோன் சத்தத்தைச் சித்த குறைங்க. இங்க ரெண்டு பேரு பேசிட்டு இருக்கறம்.

ஆங். எங்க உட்டேன்?

எனக்குச் சர்வர் கம்ப்யூட்டருகளைப் பார்த்துக்கற வேலைங்க. கம்பெனி பேரு வேண்டாம். ஊட்ல இருந்தேதான் பாக்கறேன். ஒரு சர்வர் படுத்துதுன்னா நான்தான் எழுப்பி உடணும். அதனால ஸ்கிரீன்ல எல்லாமே ஒரே நேரத்துல கண்ணுல படணும். சாதா டெஸ்க்டாப்புல என்னாகும்? ஒரு ஜன்னலுக்கு மேலே இன்னொரு ஜன்னல் ஏறி உக்காந்துக்கும். அடியில என்ன எரியுதுன்னு தெரியாது. நீங்க எது வெச்சிருக்கறீங்க? சாதாதானா? சரி, அப்பச் சொல்றேன் கேளுங்க. நான் வெச்சிருக்கறது டைலிங். தோட்டத்துல பாத்தி கட்டறம் பாருங்க, அந்த மாதிரி. ஸ்கிரீனை அதுவே பாத்தி பாத்தியாப் பிரிச்சுக்கும். ஒரு பாத்தியில மெயிலு, ஒண்ணுல சர்வர், ஒண்ணுல மீட்டிங். புதுசா ஒண்ணைத் தொறந்தா மத்ததெல்லாம் கம்முனு ஒதுங்கி எடம் உடும். மவுஸைத் தொடவே வேண்டாம், எல்லாம் விரல் நுனியில. ஒண்ணு மேலே ஒண்ணு ஏறாது. அதது அததோட எடத்துல இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க மனசுக்கு ஒரு நிம்மதி வருமுங்க தம்பி, சொன்னா உங்களுக்குப் புரியாது. ஊடும் அப்படி இருந்துட்டா என்னன்னு நெனைப்பேன்.

கோகிலா கிட்டச் சொல்லியும் இருக்கறேன். நீ உன் எடத்துல இரு, நான் என் எடத்துல இருக்கறேன், நான் கூப்பிட்டா மட்டும் வான்னு. இதுல என்னங்க தப்பு?

லேப்டாப் ஸ்கிரீன் சின்னது, பத்தாது. அதனால பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கி டேபிள் மேலே நடுவுல வெச்சேன். லேப்டாப் பக்கத்துல தொறந்தே இருக்கும், ஆனா அதோட ஸ்கிரீனை அணைச்சுருவேன். ரெண்டு ஸ்கிரீன் எரிஞ்சா கண்ணு அலையும், எனக்கு ஆகாது. எல்லாம் பெருசுல மட்டும்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளு. கொஞ்சம் நீளமா வாங்கிட்டேன். டேபிளுக்குப் பின்னாடி எறங்கி, கீழே தரையைத் தொட்டு, வளைஞ்சு மேலே வரும். பாருங்க, இந்தக் கேபிள்தான் எங்குடும்பத்துக்கு எமனு.

என்ன சிக்கல்னா, அந்தக் கேபிள் கழண்டுருச்சுன்னா பெரிய ஸ்கிரீன் போயிரும். சரி, லேப்டாப் ஸ்கிரீனாவது எரியணுமில்ல? எரியாது. ஏன்னா அதை அணைச்சு வெச்சதே நான்தான். பெருசு போயிருச்சுன்னு இந்த மிசினுக்குத் தானாத் தெரியாது. போனா என்ன பண்ணணும்னு நாமதான் கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வெக்கணும். எழுதலைன்னா ரெண்டும் இருட்டு. உள்ளுக்குள்ள எல்லாம் ஓடிட்டுத்தான் இருக்கும், ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்கிரீன் இருண்டா எனக்கு மூச்சே நின்னுரும் தம்பி. ஒருக்கா அப்படி இருண்ட நேரத்துல ஒரு சர்வர் படுத்துருச்சு. எம் மேனேஜரு எல்லாருக்கும் முன்னாடி வெச்சுக் கேட்டாரு, ஏன் பூபதி தூங்கிட்டீங்களான்னு. சிரிக்கறானுக. அத்தனை பேரும் சிரிக்கறானுக.

அன்னைக்குத்தான் மொதக் கீபோர்டை ஒடச்சது.

நான் கை நீட்டற ஆளு இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லீர்றேன். கோவம் வரும். யாருக்குங்க வராது? வந்தா பொருள் மேலதான் காட்டுவேன். கீபோர்டு, மிக்ஸி ஜாரு, ஹால்ல மாட்டியிருந்த கண்ணாடி. பொருளுக்கும் எனக்கும் நடுவுல அவ வந்து நின்னா நான் என்ன பண்றது? கொழந்தைங்களா? இல்லீங்க. ஒண்ணு உண்டாச்சு, நிக்கலை. மாடிப்படியில உழுந்துட்டா. அவளுக்கு எதுலயும் நிதானம் கெடையாது. அது வேற கதை, உடுங்க.

கேபிளு கழண்டுட்டே இருந்துதுங்க. இன்னிக்குக் கழண்டா அப்பறம் கொஞ்ச நாளு சும்மா இருக்கும், மறுபடியும் கழலும். எனக்குன்னா அதிசயம். நான் கம்முனு வேலை பாக்கறப்பக் கழலவே கழலாது. எங்களுக்குள்ள ஏதாச்சும் பேச்சு வார்த்தை வரும் பாருங்க, அப்பத்தான் கழலும். சொல்லி வெச்சாப்பல.

எங்க பேச்சு வார்த்தையெல்லாம் என் ரூம்லதான் நடக்கும். சமையக்கட்டுல வெச்சுச் சத்தம் போட்டா சன்னல் வழியா அக்கம்பக்கமெல்லாம் கேட்டுரும். என் ரூம்ல மீட்டிங்குக்காகக் கதவுல ரப்பர் ஒட்டி வெச்சிருக்கறேன். சாத்திட்டா உள்ளே என்ன நடந்தாலும் வெளிய போகாது. அதனால ஏதாச்சும் கேக்கணும்னா அவளை உள்ளே கூப்பிட்டுத்தான் கேப்பேன். நாலு பேரு முன்னாடி பொண்டாட்டியைப் பேசறது எனக்குப் புடிக்காதுங்க.

ஒருக்கா மீட்டிங் ஓடிட்டு இருக்கறப்ப மிக்ஸி போட்டுட்டா. கூப்பிட்டுக் கேட்டேன். பதில் சொல்லாம நிக்கறா. நான் கேக்கறேன், அவ நிக்கறா. தலைமுடியைப் புடிச்சு, அந்த மானிட்டரைப் பாரு, எத்தனை பேரு இருக்கறாங்கன்னு எண்ணுன்னு சொன்னேன். பாத்தீங்களா, எண்ணத்தான் சொன்னேன். தலை டேபிள் ஓரத்துல பட்டுருச்சு. ரெண்டாவதாப் படறதுக்குள்ள டப்புன்னு ஸ்கிரீன் இருட்டு. அவளை அப்படியே உட்டுப்போட்டு டேபிளுக்கு அடியில பாஞ்சேன். கேபிளு கழண்டு கெடக்குது. மாட்டி, சரி பண்ணி, எந்திரிச்சுத் திரும்பறேன், அவ சமையக்கட்டுல இருக்கறா. தோசை ஊத்திட்டு இருக்கறா. எனக்கும் கோவம் ஆறிப்போச்சு. அத்தோட முடிஞ்சுது.

இன்னொருக்கா அவங்க அண்ணன் கூட ஃபோன்ல பேசிட்டு இருந்தா. என்னடி சொன்னேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்கறா. ஒண்ணுமில்லாததுக்கா அத்தனை நேரம்? பெல்ட் கையில இருந்துது, அது தற்செயல். அவ டேபிளுக்கும் செவுத்துக்கும் நடுவுல போயி உக்காந்துட்டா. முழங்காலைக் கட்டிட்டு. அந்த மூலைக்கு ஏன்தான் போவாளோ, எப்பப் பாரு அதே மூலை. உடுங்க மாமா, உடுங்க மாமான்னு ஒரே சத்தம். அப்பவும் டப்புன்னு இருட்டு. அப்பவும் ஓடுனது நான்தான்.

எத்தனையோ ரோசனை பண்ணிப் பார்த்துட்டேன். எலியா இருக்குமோன்னு எலிப்பொறி வெச்சேன். நான் சத்தம் போடற அதிர்ச்சியில டேபிள் ஆடுதோன்னு காலுக்கு அட்டை மடிச்சு வெச்சேன். புதுக் கேபிளு மாத்துனேன். அவகிட்டயே கேட்டேன், பெருக்கறப்ப வெளக்குமாறு எதுவும் இடிக்குதான்னு. தெரியலைங்கன்னு சொல்லிட்டு மூஞ்சியை அக்கட்ட திருப்பிக்கிட்டா. சரி, எதுக்குக் காரணம் தேடிட்டு இருக்கணும், கழண்டாலும் பாதிக்காத மாதிரி கான்ஃபிக்கை எழுதிட்டாப் போச்சுன்னு உக்காந்தேன்.

அண்ணா! சொன்னது காதுல உழுகலீங்களா? இன்னொருக்கா அந்தச் சத்தம் கேட்டுதுன்னா ஃபோன் சன்னலுக்கு வெளிய போயிரும்! ஆமா, பாருங்க. நல்லாப் பாருங்க என் மூஞ்சியை. ...ம். இப்ப அணைச்சாம் பாத்தீங்களா? இதுதானுங்க. ஒருத்தன் மரியாதையாச் சொன்னா ஏறாது. நீங்க எதுக்கு நகந்துக்கறீங்க, நல்லா உக்காருங்க. உங்களையா சொன்னேன்?

மொதல்ல ஒரு ஷார்ட்கட் வெச்சேன். ரெண்டு கீயைச் சேர்த்து அமுத்துனா பெருசுல இருந்து சின்னதுக்கு மாறும், மறுபடி அமுத்துனா பெருசுக்கு. நல்லாத்தான் இருந்துது. ஆனா இருட்டுல அவசரத்துல கீ மாறிப்போயிரும் தம்பி. தப்பான கீயை அமுத்தி மீட்டிங்கையே மூடிட்டேன் ஒரு நாளு. அந்த மாசம் ரெண்டாவது கீபோர்டும் போச்சு. அப்பறம்தான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுனேன். கேபிளு மாட்டறதையும் கழல்றதையும் அதுவே காவல் காக்கணும். கழண்ட உடனே நான் கை வெக்காம சின்ன ஸ்கிரீனை எழுப்பி, பாத்தியெல்லாம் அங்க கொண்டு போயி எறக்கோணும். மாட்டுனா திருப்பிப் பெருசுக்கு.

சொல்றது சுளுவு. லேசுல வரலைங்க. மொதல்ல மாறுச்சு, ஆனா பாத்தியெல்லாம் கலைஞ்சு போச்சு. மெயில் இருந்த எடத்துல மீட்டிங்கு, சர்வர் எங்க போச்சுன்னே தெரியலை. சில ஜன்னலு கழண்டு போன மானிட்டர்லயே நின்னுக்கும். இல்லாத மானிட்டருங்க, அதுல போயி நின்னா நான் எப்படிப் பாக்கறது? எழுதறதும் ரீலோட் பண்றதும், கேபிளை நானே புடுங்கிப் பாக்கறதும்னு ஒரு மாசம் பூரா அதேதான். சாமத்துல சாப்பாடு, சரியாத் தூக்கமில்லை. அந்த நேரத்துல அவ ஒண்ணு சொன்னாப் பாருங்க. டீ கொண்டாந்து வெச்சுட்டு, அதை அப்படியே உட்ருங்க மாமா, எதுக்கு இத்தனை சிரமம், கழண்டா மாட்டிக்கலாமில்லைன்னா. என் சிரமத்துல அவளுக்கு என்னைக்கும் அக்கறை இருந்ததில்லை. அன்னைக்கு மட்டும் ரெண்டு மூணு தடவை சொன்னா. கெஞ்சற மாதிரியே சொன்னா. டீயை அவ கை மேலயே ஊத்தி உட்டேன். அவ்வளவா சூடு இல்லைங்க அது.

கடைசில ஒரு நாளு, காத்தால, சரியா வந்துது. கேபிளைப் புடுங்கறேன், பெருசு அணையுது, கண்ணு சிமிட்டறதுக்குள்ள லேப்டாப் எரியுது. பாத்தி ஒண்ணு கலையலை. மாட்டுனேன், திரும்பி வந்துது. மறுபடி புடுங்குனேன். மாட்டுனேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. கோகிலான்னு கூப்பிட்டுக் காட்டுனேன். இங்க பாருடி, இனிமே எத்தனை தடவை கழண்டாலும் எனக்குக் கவலையே இல்லைன்னு. சந்தோசப்படுவான்னு பார்த்தா, பேயறைஞ்சவளாட்ட நிக்கறா. மூஞ்சியில ரத்தமே இல்லை. புருசன் ஒண்ணைச் சாதிச்சிருக்கறான், ஒரு வார்த்தை? இல்லை. அதுல இருந்து அவ ரூமுக்குள்ள வர்றதையே நிறுத்திட்டா. கூப்பிட்டா வாசப்படியிலயே நின்னுக்குவா.

இப்பத்தான் முக்கியமான எடம், நல்லாக் கேளுங்க. இதுலதான் எல்லாரும் என்னைத் தப்பாச் சொல்றாங்க.

அடுத்த வாரம் ஒரு நாளு காத்தால மீட்டிங்கு. கம்பெனி மொத்தமும் உக்காந்திருக்குது. எனக்குக் காப்பி வேணும். கூப்பிட்டேன். வாசப்படியில நின்னுட்டுக் கையை மட்டும் நீட்டறா. உள்ளே வான்னேன். வரலை. மீட்டிங்ல எம் மைக்கையும் கேமராவையும் அணைச்சுட்டு எந்திரிச்சுப் போயி அவ கையைப் புடிச்சேன். கையைக் குடுங்க தம்பி. அட குடுங்க, காட்டறேன். இதா, இப்படித்தான். இந்த மணிக்கட்டைத்தான். இவ்வளவுதான் புடிச்சேன். இதைப் போயி முறுக்குனான், இழுத்தான்னு மச்சான் ஊரெல்லாம் சொல்றாரு. வலிக்குதுங்களா? இதுக்கா? மூஞ்சியைச் சுளிக்காதீங்க, இது ஒரு புடியா.

இப்படிப் புடிச்சு உள்ளே இழுத்தேன். கதவைச் சாத்துனேன். காப்பி கொட்டிருச்சு. கீபோர்டு மேலயே கொட்டிருச்சு. மூணாவது கீபோர்டுங்க! வாங்கி ரெண்டு மாசம் ஆகலை. உங்களுக்கா இருந்தா கோவம் வராதா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க.

அவ பழையபடி அந்த மூலைக்குத்தான் போனா. போக வேண்டாம்னு சொல்லலை நான். அடிச்சேன். சரி, அடிச்சேன், இல்லைங்கலை. ரெண்டு அடியோட நிறுத்தற ஆளுதான் நான், எப்பவும் அப்படித்தான் நின்னிருக்குது. உங்களுக்கே சொன்னேனில்ல, எல்லாத் தடவையும் நின்னுதில்ல? அன்னைக்கு ஏன் நிக்கலைங்கறதுதான் கேள்வி. நானும் நாளு பூரா அதையேதான் நெனச்சுப் பாக்கறேன்.

கையை இழுக்காதீங்க தம்பி, இன்னும் முடியலை.

கேபிளு கழண்டுதுங்க. அன்னைக்கும் கழண்டுது. ஓரக்கண்ணுல பெரிய ஸ்கிரீன் அணையறது தெரிஞ்சுது. தெரிஞ்ச மறு நொடி லேப்டாப் எரியுது. எல்லாப் பாத்தியும் அதது எடத்துல. மேனேஜரு பேசறாரு, பேச்சு அறுபடவே இல்லை. நான் திரும்பவே தேவைப்படலைங்க. அத்தனை சுத்தமா வேலை செஞ்சுது என் ஸ்கிரிப்டு. நெசமாச் சொல்றேன், அந்த நேரத்துலயும் எனக்குள்ள ஒரு பெருமை. அவ என்னமோ டேபிளுக்கு அடியில காலை நீட்டி நீட்டி எடுக்கறா. என்னடி பண்றேன்னு அந்தக் கால் மேலயே மிதிச்சேன். அப்பறம் தோள்ல. அப்பறம் எனக்குச் சரியா ஞாபகமில்லை. மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் பை சொல்றாங்க, அப்பத்தான் நான் நின்னேன். மைக்கைப் போட்டு நானும் பை சொன்னேன். மீட்டிங்ல இருந்த ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலைங்க.

தோள்பட்டைக்கு முன்னாடி இருக்கற எலும்பு ஒடஞ்சுருச்சாம். இடது காதுல சவ்வு கிழிஞ்சுருச்சாம், இனி அந்தப் பக்கம் கேக்காதாம். டாக்டரு என்னைக் குத்தவாளியாட்டப் பார்க்கறாரு. தூக்கிட்டுப் போனதே நான்தானுங்க! ஆட்டோ கூடப் புடிக்கலை, எங்கார்லதான் போனேன். அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. மச்சான் நவநீதன் தாராபுரத்துல இருந்து வந்தாரு, வந்த வேகத்துல இந்த உதட்டைப் பேத்தாரு, அவளைக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

அப்பறம் மச்சான் ஊட்ல ஒறம்பரையெல்லாம் கூடி உக்காந்தாங்க. நானும் போனேன். எல்லாரும் என்னையே கேக்கறாங்க, ஏன், எதுக்குன்னு. நான் பொறுமையா இந்தக் கேபிளு கதையைத்தான் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே. ஒருத்தருக்கும் புரியலை. அப்ப அவ எந்திரிச்சா. கை தூளியில தொங்குது. சத்தம் பெருசா வரலை. ஆனா எல்லாருக்கும் கேட்டுது.

"நான்தான் புடுங்குவேன்"னா.

பாத்தீங்களா? எத்தனை நாளு நான் எலிப்பொறி வெச்சிருக்கறேன்! அவ சொல்றா: "கால் கட்டை வெரல்ல மாட்டி இழுப்பேன். இருட்டானா இவரு கை நின்னுரும். என்னை உட்டுட்டு அதைப் பார்க்கப் போயிருவாரு. அந்த மூலைல உக்காந்தா கேபிளு காலுக்குச் சுளுவா எட்டும். அன்னைக்கும் இழுத்தேன் அண்ணா. இருட்டாகலை."

அத்தோட உக்காந்துட்டா. அவங்க அத்தை முந்தானையை வாயில வெச்சுட்டு உள்ளே போயிட்டாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க தம்பி. எம் பொண்டாட்டி. எஞ்சோறு தின்னுட்டு, எங்கூடவே இருந்துட்டு, என் வேலைக்கு உலை வெச்சிருக்கறா. அந்த மேனேஜரு என்னைப் பார்த்துச் சிரிச்சதுக்குக் காரணம் இவ. நான் கையை ஓங்கவே இல்லை அங்க. சபையைப் பார்த்து, கேட்டுக்குங்க, ஒத்துக்கிட்டா, புடுங்குனது அவதான், இப்பச் சொல்லுங்க ஞாயம் யாரு பக்கம்னு கேட்டேன். மச்சான் மறுபடியும் பாஞ்சுட்டாரு. நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க. ஞாயம் கேட்டா அடிக்க வர்றாங்க, என்ன சனமுங்க இது.

இத்தனைக்கும் நான் அவளை மன்னிச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் இன்னிக்குப் போறேன். போலீஸ் ஸ்டேஷன்ல, மச்சான் ஊட்டுத் தெருப்பக்கமே தலை காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க. சொல்லுவாங்க, அவங்க வேலை அது. மச்சான் இன்னிக்கு ஈரோட்டுக்குப் போயிருக்கறாரு. விசாரிச்சுட்டுத்தான் கெளம்புனேன். ஊட்ல அவ மட்டும்தான் இருக்கறா. நிதானமாப் பேசலாம்.

பிரச்சினையைத்தான் அடியோட தீர்த்துட்டேனே. கேபிளைச் சின்னதா மாத்திட்டேன், கீழே எறங்கவே எறங்காது. டேபிளோட சேர்த்துக் கிளாம்ப் போட்டுத் திருகியும் உட்டுட்டேன். யாரு இழுத்தாலும் இனிமே வராது. அந்த மூலையிலயும் ஒரு அலமாரி வாங்கிப் போட்டு அடைச்சுட்டேன். இனி அவ வந்தா ஒரு தொந்தரவும் இருக்காது. ஊடு கம்முனு இருக்கும்.

நீங்களும் கூட வாங்க தம்பி. அஞ்சு நிமிச வேலை. என்னைப் பார்த்தாக் கதவைத் தொறக்க மாட்டா, நீங்க தட்டுனாத் தொறப்பா. உங்களைப் பார்த்தா நல்ல ஊட்டுப் புள்ளையாட்டத் தெரியுது. ஐ.டி.ல இருக்கறேன், எல்லாத்தையும் பார்த்துட்டேன், கோளாறு மிசின்லதான் இருந்துது, அண்ணன் சரி பண்ணிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்.

என்ன, மூஞ்சி வேர்க்குது? சன்னலைத் தொறந்துக்கங்க. தம்பி, எதுக்கு எந்திரிக்கறீங்க? தாராபுரத்துக்கு முன்னாடி வர்ற குண்டடமே இன்னும் வரலை. கை வலிக்குதுன்னாச் சொல்ல வேண்டியதுதானே, சொன்னா உடப் போறேன்.

ஏனுங்க, அந்தக் கயித்தை எதுக்கு இழுக்கறீங்க? அட, மறுபடியும் இழுக்கறீங்க. எத்தனை தடவை இழுத்தாலும் நடுக்காட்டுல டிரைவர் எங்க நிறுத்தப் போறான். உக்காருங்க. கம்முனு உக்காருங்கறேனில்ல.